மின்தொகுப்பின் சமநிலையும் சேரியின் இருட்டும்

2024 மே 30 அன்று இந்தியாவின் மின்தேவை 250 கிகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அந்தத் தேவையை வெற்றிகரமாக ஈடுசெய்துவிட்டதாக ஒன்றிய மின்துறை அமைச்சகம் அறிவித்தது. அதே மாதம் 2 ஆம் நாள் தமிழ்நாடும் 20,830 மெகாவாட் என்ற தன் உச்சத்தை எட்டியிருந்தது. இத்தகைய அறிவிப்புகள் ஒவ்வொரு கோடையிலும் வருகின்றன. அவற்றைப் படிக்கும்போது ஒரு சொற்றொடரை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும்: 'ஈடுசெய்யப்பட்ட தேவை'.

ஒரு துணைமின் நிலையத்தில் ஒரு பீடர் நிறுத்தப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பீடரின் கீழ் உள்ள வீடுகளின் விளக்கும் விசிறியும் அந்த நொடியிலேயே தேவையின் கணக்கிலிருந்து மறைந்துவிடுகின்றன. புழுக்கத்தில் விழித்திருக்கும் குழந்தையின் தேவை எந்த மீட்டரிலும் பதிவாவதில்லை. பற்றாக்குறைக்கென்று அரசுக் கணக்கில் தனிப் பத்தி உண்டு. ஆனால் உள்ளூரில் 'பழுது' என்ற பெயரில் கழியும் மணிநேரங்கள் அந்தப் பத்திக்குள் வருவதில்லை. எனவே தேவையும் வழங்கலும் சமமாக இருந்தன என்ற செய்தி எப்போதும் உண்மையாகவே இருக்கும். யாரைக் கழித்த பிறகு சமமாயின என்பதே நமது கேள்வி.

இக்கேள்வியைத் தொடர, மின்தொகுப்பு இயங்கும் முறையைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டியுள்ளது. நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதுபோல் மின்சாரத்தைக் கம்பியில் சேமித்து வைக்க இயலாது. எந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ, அந்த நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். இந்தச் சமநிலையைக் காட்டும் நாடித்துடிப்புதான் அதிர்வெண். இந்தியாவில் அது 50 ஹெர்ட்ஸ். பெரிய அனல்மின் நிலையங்களின் டர்பைன்கள் நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் சுழன்றால் இந்த 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். தேவை திடீரென ஏறினால், ஏற்றத்தில் பாரவண்டி இழுக்கும் மாடுகளைப்போல் அத்தனை டர்பைன்களும் ஒருசேரத் தளர்கின்றன, அதிர்வெண் இறங்குகிறது. தேவை சரிந்தால் அவை வேகமெடுக்கின்றன, அதிர்வெண் ஏறுகிறது. 49.90 முதல் 50.05 வரையிலான குறுகிய வரம்புக்குள் அதை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது நடப்பு விதி.

இதற்கென ஒரு நாளைப் பதினைந்து நிமிடங்கள் கொண்ட 96 கூறுகளாகப் பிரித்து, எந்தக் கூறில் எந்த நிலையம் எவ்வளவு உற்பத்தி செய்யும், எந்த மாநிலம் எவ்வளவு எடுக்கும் என்பதை முன்கூட்டியே திட்டமிடுகிறார்கள். டெல்லியில் தேசிய மையம், அதன் கீழ் ஐந்து மண்டல மையங்கள், அவற்றின் கீழ் மாநில மையங்கள் என்று லோட் டெஸ்பாட்ச் சென்டர்கள் இரவுபகலாக இயங்குகின்றன. கணிப்பு பொய்க்கும்போது நீர்மின் நிலையங்கள் விரைந்து கைகொடுக்கின்றன. கோவை மாவட்டத்தின் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு அணையின் நீரை மலைமேல் ஏற்றி வைத்து, தட்டுப்பாட்டு நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். இவையும் போதாதபோது மீதமிருப்பது ஒரே வழிதான். தேவையை வெட்டுவது.

வெட்டுவதில் இரு முறைகள் உள்ளன. அதிர்வெண் 49.4 ஹெர்ட்ஸுக்குச் சரிந்தால் ரிலே எனும் தானியங்கிக் கருவிகள் படிப்படியாகப் பீடர்களைத் துண்டிக்கத் தொடங்கும். அந்த நிலை வருவதற்கு முன்பே மாநில மையத்திலிருந்து துணைமின் நிலையங்களுக்குத் தொலைபேசி வரும்: இத்தனை மெகாவாட் குறைக்கவும். எந்தப் பீடரை நிறுத்துவது? மருத்துவமனை, குடிநீர், தொடர்வண்டி ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு; அது நியாயம். அதற்கடுத்து மாநிலத் தலைநகருக்கு விலக்கு, பெருந்தொழிற்சாலைகளின் தனிப் பீடருக்கு விலக்கு, அமைச்சர் வருகை தரும் ஊருக்கு விலக்கு. விலக்குகள் எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சுவது கிராமப்புறப் பீடர்.

இயற்பியல் இங்கு ஒரு விசித்திரத்தை வைத்திருக்கிறது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியாகத் தென்மண்டலம் ஏனைய மண்டலங்களுடன் இணைக்கப்பட்டது முதல், இந்தியா முழுவதும் ஒரே மின்தொகுப்பாக இருக்கிறது. ஆகையால் அதிர்வெண்ணும் ஒன்றுதான். குடியரசுத் தலைவர் மாளிகைக்கு 50.01 என்றால், அதே நொடியில் விழுப்புரம் மாவட்டத்துச் சேரியின் கடைசி வீட்டுக்கும் 50.01 தான். இந்தியாவில் சாதி பாராமல் எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேரும் பொருள் அநேகமாக இது ஒன்றாகத்தான் இருக்கும்! ஆனால் மின்னழுத்தம் அப்படியல்ல. மின்மாற்றியிலிருந்து விலக விலக அது தேய்ந்துகொண்டே போகும். வீட்டுக்கு 230 வோல்ட், அதில் ஆறு விழுக்காடு மட்டுமே கூடலாம் குறையலாம் என்பது விதி. மின்மாற்றி ஊருக்குள்ளோ நிலவுடைமையாளரின் மோட்டாருக்கு அருகிலோ நிற்க, அங்கிருந்து நீளும் கம்பியின் கடைசியில் சேரி இருக்கும் இடங்களில், மாலையில் குழல்விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். விசிறி சுற்றுவதைக் கண்ணால் எண்ணிவிடலாம். நாடு தழுவிய சமநிலை பாதுகாக்கப்பட்டிருக்கும் அதே மாலையில், அந்தத் தெருவின் சமநிலை குலைந்துதான் இருக்கும். அதைக் கண்காணிக்க எந்த மையமும் இல்லை.

மின்தொகுப்பைக் காக்க இந்த நாட்டுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடங்கள் விளக்குகளை அணைத்துவிட்டு அகல் ஏற்றுமாறு பிரதமர் கேட்டுக்கொண்டார். 12 முதல் 14 ஆயிரம் மெகாவாட் வரை தேவை குறையலாம் என்று பொறியாளர்கள் கணித்தனர். உண்மையில் சரிந்ததோ 31,089 மெகாவாட். நீர்மின் உற்பத்தியை 25,559 மெகாவாட்டிலிருந்து 8,016 மெகாவாட்டுக்குச் சில நிமிடங்களில் இறக்கி, மக்கள் விளக்கை மீண்டும் போட்டதும் மறுபடி ஏற்றினார்கள். அதிர்வெண் 49.70க்கும் 50.26க்கும் இடையில் ஊசலாடியதே தவிர, தொகுப்பு விழவில்லை. ஓர் அரசியல் காட்சிக்காக நாடெங்கும் பொறியாளர்கள் நொடி நொடியாகக் கண்விழித்த இரவு அது. அந்தத் திறமையை நாம் மதிக்கிறோம். அதே கவனத்தின் ஒரு துளியேனும் கடைசிக் கம்பத்தின் பக்கம் ஏன் திரும்பவில்லை என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு.

கவனம் தவறியபோது என்ன நடந்தது என்பதற்கு 2012 சான்று. அவ்வாண்டு ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு வடக்கு மண்டலத் தொகுப்பு சரிந்தது. மறுநாள் பகல் ஒரு மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்றும் சேர்ந்து சரிந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு இருண்டது. மேற்கு வங்கத்திலும் ஜார்க்கண்டிலும் நிலக்கரிச் சுரங்கங்களில் 200க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் பூமிக்கடியில் சிக்கிக்கொண்டனர். மாநிலங்கள் தம் பங்குக்கு மேல் மின்சாரத்தை உருவியதும், அளவுமீறிச் சுமை ஏறிய பீனா–குவாலியர் தடம் அறுந்ததும் காரணங்களாகக் கண்டறியப்பட்டன. விசாரணைக் குழு சுட்டிய இன்னொரு குறைதான் நமக்கு முக்கியமானது: அதிர்வெண் சரியும்போது தாமாகச் சுமையைத் துண்டிக்க வேண்டிய ரிலேக்கள் எதிர்பார்த்தபடி செயல்படவில்லை. கருவிக்கு முகம் பார்க்கத் தெரியாது. முன்கூட்டியே குறித்துவைத்த பீடரை அது துண்டித்துவிடும். அது வேலை செய்யாத இடத்தில் யாரைத் துண்டிப்பது என்ற முடிவு மனிதர் கைக்கு வருகிறது. அந்தக் கை எந்தத் திசையில் நீளும் என்பதை நாம் அறிவோம்.

அப்போது தமிழ்நாடு தனித் தொகுப்பில் இருந்ததால் அந்த இருட்டிலிருந்து தப்பியது. ஆனால் இங்கு வேறொரு இருட்டு நிலவியது. 2008இல் தொடங்கிய மின்வெட்டு 2012இல் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு அறிவிக்கப்பட்ட வெட்டு இரண்டு மணி நேரம். பிற மாவட்டங்களில் காற்றுப்பருவம் ஓய்ந்த பிறகு பத்து, பன்னிரண்டு, சில நாட்களில் பதினாறு மணி நேரம்கூட மின்சாரம் இல்லை. மாநிலத் தொகுப்பின் சமநிலைக்கான விலையைத் தலைநகருக்கு வெளியே இருந்தவர்கள் செலுத்தினர். வசதியுள்ளவர் இன்வெர்ட்டர் வாங்கினார். வாங்க இயலாத வீடுகளில் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் பொதுத்தேர்வுக்குப் படித்தார்கள்.

இன்றும் இந்த இடைவெளி மறைந்துவிடவில்லை. 2024இல் ஒன்றிய அரசு தந்த கணக்கின்படியே நகர்ப்புறத்துக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 23.4 மணி நேரமும் கிராமப்புறத்துக்கு 21.9 மணி நேரமும் மின்சாரம் கிடைக்கிறது. கிராமப்புறம் என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். அதற்குள் ஊர் எவ்வளவு, சேரி எவ்வளவு என்ற கணக்கு கிடையாது.

இக்கணக்கு இல்லாமல் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. 1997 வரை, ஒரு கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எந்தப் பயன்பாட்டுக்காகவேனும் மின்சாரம் இருந்தால் அது மின்வசதி பெற்ற கிராமம். பண்ணையாரின் கிணற்றில் ஒரு மோட்டார் ஓடினால் போதும், சேரி முழுவதும் இருட்டில் கிடந்தாலும் அரசுப் பதிவேட்டில் கிராமம் ஒளிர்ந்தது. 1997இல் குடியிருப்புப் பகுதிக்குள் மின்சாரம் இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். 2004இல்தான் தலித் குடியிருப்பு இருக்குமானால் அங்கும் மின்கட்டமைப்பு அமைய வேண்டும் என்ற வரி விதிக்குள் நுழைந்தது. விடுதலை பெற்று 57 ஆண்டுகள் கழித்து! அதே விதியில், கிராமத்தின் பத்து விழுக்காடு வீடுகளுக்கு இணைப்பு இருந்தால் போதுமானது என்றும் சேர்த்தார்கள். தொண்ணூறு வீடுகள் இருண்டிருந்தாலும் கிராமம் ஒளிபெற்றதே. 2011 கணக்கெடுப்பு இதன் விளைவைக் காட்டியது: நாட்டில் மின்விளக்கு எரிந்த வீடுகள் 67 விழுக்காடு; பட்டியல் சாதியினரின் வீடுகளில் 59; பழங்குடியினரின் வீடுகளில் 52. இணைப்பு வந்தபோதும் எப்படி வந்தது? 1988-89இல் தொடங்கிய குடீர் ஜோதி திட்டம் ஏழை வீட்டுக்கு ஒற்றை விளக்குக்கான இணைப்பை வழங்கியது. அந்த வீட்டின் மின்தேவை ஒரு விளக்கைத் தாண்டாது என்று முன்கூட்டியே முடிவு செய்து, அதற்கேற்ற மெலிந்த கம்பியையும் சிறிய மின்மாற்றியையும் போட்டால், பின்னாளில் அங்கே விசிறியும் மிக்சியும் தொலைக்காட்சியும் நுழையும்போது மின்னழுத்தம் சரியாமல் என்ன செய்யும்?

மின்சாரத்தை இப்படிப் பங்கிடுவதற்காக இந்த நாடு மின்கொள்கை வகுக்கத் தொடங்கவில்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த பாபாசாகேப் அம்பேத்கரின் பொறுப்பில் மின்சாரமும் இருந்தது. 1943 அக்டோபர் 25 அன்று, போருக்குப் பிந்தைய மின்வளர்ச்சிக்கான கொள்கைக் குழுவுக்குத் தலைமையேற்றுப் பேசிய அவர், மின்சாரம் அரசின் உடைமையாக இருப்பதா தனியாரிடம் விடுவதா, ஒன்றியத்தின் பொறுப்பா மாகாணங்களின் பொறுப்பா என்ற கேள்விகளை முன்வைத்தார். மலிவாகவும் தாராளமாகவும் மின்சாரம் கிடைக்காமல் தொழில்மயம் இல்லை, தொழில்மயம் இல்லாமல் இந்திய மக்களுக்கு வறுமையின் சுழலிலிருந்து மீட்சி இல்லை என்பது அவரது வாதம். மறு ஆண்டு அவரது துறையின் கீழ் மத்தியத் தொழில்நுட்ப மின்வாரியம் அமைந்தது. மாநில மின்வாரியங்களுக்கு வழிவகுத்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதன் பின்னர் வந்தது. அணைகளையும் மின்தொகுப்பையும் பற்றிய வரலாற்று நூல்கள் அவர் பெயரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன; நாமும் அவரை அரசியல் சட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். மின்சாரத்தை நிலத்தோடு கட்டாமல் மனிதரின் வாழ்வோடு கட்டிப் பார்த்தவர் அவர்.

பின்வந்தவர்கள் அதை நிலத்தோடுதான் கட்டினார்கள். 1969இல் உருவான ஊரக மின்மய நிறுவனத்தின் முதன்மைப் பணி பம்புசெட்டுகளுக்கு மின் இணைப்பு வழங்குவதாக இருந்தது. தமிழ்நாட்டில் 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. உழவர் போராடிப் பெற்ற உரிமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நிலமும் கிணறும் உள்ளவருக்கே அது போய்ச்சேரும். மக்கள்தொகையில் 16.6 விழுக்காடாக இருக்கும் பட்டியல் சாதியினரிடம் நாட்டின் சாகுபடிப் பரப்பில் சுமார் 9 விழுக்காடே இருக்கிறது என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு.

அந்த இலவச மின்சாரமும் சமநிலையின் கருவியாக்கப்பட்டது. மும்முனை மின்சாரம் நாளின் சில மணி நேரம் மட்டுமே வரும். அதில் ஒரு பகுதி, மற்றவர் தேவை அடங்கிய நள்ளிரவில் வரும். தொகுப்பைக் கையாளும் பொறியாளருக்கு அது வசதி. இரவு ஒரு மணிக்கு வரப்பில் நடந்துபோய் மோட்டார் போட்டு மடை மாற்றுவது யார்? பெரும்பாலும் நிலத்தின் சொந்தக்காரர் அல்லர், கூலிக்காரர். பாம்பும் ஈரச் சுவிட்சும் காத்திருக்கும் இருட்டில் அவரது தூக்கத்தைக் கொண்டுதான் நாட்டின் இரவுச் சுமை பல்லாண்டுகள் சமன்செய்யப்பட்டது. எந்தப் பொருளாதார அறிக்கையும் இதை 'மானியம்' என்று எழுதியதில்லை.

சூரிய மின்சாரம் வந்தபின் கணக்கு தலைகீழாகிவிட்டது. இப்போது நண்பகலில்தான் மின்சாரம் மிஞ்சுகிறது. சூரியன் சாய்ந்ததும் தட்டுப்பாடு. வேளாண் பீடர்களைப் பகலுக்கு மாற்றிவிடலாம்; மகாராட்டிரத்தில் சூரிய மின்சாரத்தைக் கொண்டு அதற்கான திட்டம் நடக்கிறது. அந்த இரவு வேலை ஒழியுமானால் நாம் மனதார வரவேற்போம்.

ஆனால் அதே மாற்றம் வேறு வழியில் நம் தலையில் இறங்குகிறது. மின்நுகர்வோர் உரிமை விதிகளில் 2023இல் செய்யப்பட்ட திருத்தம் பகலில் மலிவாகவும் உச்ச நேரத்தில் கூடுதலாகவும் கட்டணம் வசூலிக்கச் சொல்கிறது. ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட வீடுகளுக்கும் 2025 ஏப்ரல் முதல் இது பொருந்தும். தேவையை நண்பகலுக்கு நகர்த்துமாறு மக்களுக்கு இதன்மூலம் சைகை காட்டுகிறார்களாம். துணி துவைக்கும் எந்திரத்தையும் மின்சாரக் காரையும் வைத்திருப்பவர் நகர்த்துவார். விடிந்ததும் வேலைக்குப் போய்ப் பொழுது சாய்ந்து திரும்பும் கூலித் தொழிலாளியின் வீட்டில் எதை நகர்த்துவது? மாலை விளக்கையா, பிள்ளையின் படிப்பையா? அத்தோடு முன்பணம் கட்டும் மீட்டர் என்றால், கூலி கிடைக்காத வாரத்தில் மின்சாரம் தானாகவே நின்றுவிடும். முன்பு இணைப்பைத் துண்டிக்க ஓர் ஊழியர் வாசலுக்கு வர வேண்டும். அவரிடம் இரண்டு நாள் தவணை கேட்கலாம். இனி வாசலுக்கு யாரும் வரமாட்டார்கள். அப்படி அணைந்த வீடும் 'தேவை குறைந்தது' என்றே பதிவாகும்.

நண்பகல் உபரி எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்தில், பாவகடா சூரியப் பூங்கா சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் திறனுடன் நிற்கிறது. நிலத்தை விலைக்கு வாங்காமல், ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் எனக் குத்தகைக்கு எடுத்தார்கள். முன்மாதிரித் திட்டம் என்று அது பாராட்டப்பட்டது. பட்டா வைத்திருந்தவருக்குக் குத்தகை வருகிறது. அந்த நிலத்தில் கூலி வேலை செய்தும் ஆடு மாடு மேய்த்தும் பிழைத்தவருக்கு எதுவும் வருவதில்லை, வேலையும் போயிற்று. பசுமை மின்சாரத்தின் நிலக்கணக்கிலும் நிலமற்றவர் கணக்கில் வருவதில்லை என்பதால் நாம் சூரிய ஆற்றலை எதிர்க்க வேண்டியதில்லை. கூலியிழப்புக்கும் ஈடு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும்.

மின்வெட்டே கூடாது என்று நாம் கேட்கவில்லை. ஆபத்து நேரத்தில் சிலரைத் துண்டித்துத்தான் எல்லோரையும் காக்க முடியும் என்பது தொழில்நுட்ப உண்மை. அந்தச் சிலர் முறைவைத்து மாற வேண்டும், அந்த முறை முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும் என்கிறோம். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. எந்தப் பீடர் எந்த நேரத்தில் நிறுத்தப்பட்டது, எப்போது மீண்டும் ஏற்றப்பட்டது, காரணம் என்ன என்பதை ஒவ்வொரு துணைமின் நிலையத்திலும் லாக் புத்தகத்தில் எழுதி வைக்கிறார்கள். பீடர்களில் மீட்டர்கள் இருக்கின்றன. அந்தப் பதிவுகளைப் பீடர்வாரியாக, குடியிருப்பின் பெயரோடு மாதந்தோறும் வெளியிடச் சொல்ல வேண்டும். கடைசிக் கம்பத்தின் மின்னழுத்தத்தை மாலை ஏழு மணிக்கு அளந்து அதோடு சேர்க்கச் சொல்ல வேண்டும். நூறு நாள் வேலைத் திட்டத்துக்குச் சமூகத் தணிக்கை இருந்ததுபோல், கிராமசபையில் இதையும் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இன்றே மூன்று கேள்விகளை அனுப்பலாம்: எங்கள் தெருவுக்கு மின்சாரம் தரும் பீடரின் பெயர் என்ன, கடந்த ஓராண்டில் அது நிறுத்தப்பட்ட நாள், நேரம், காரணம் ஆகியவற்றைக் காட்டும் லாக் புத்தகப் பக்கங்களின் நகல், அதே துணைமின் நிலையத்தின் பிற பீடர்களுக்கும் அதே காலத்துக்கான நகல். மூன்றாவது கேள்வியை யாரும் விட்டுவிட வேண்டாம்.